மூன்று உருண்டையும் ஒரு மத்தியானமும்

ஐம்பத்து நான்கு வயதில், மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, செரிமான லேகியம் என்று நினைத்துக் கஞ்சா உருண்டை தின்றவன் நான். ஒன்றல்ல, மூன்று. முதல் உருண்டையை அறியாமைக் கணக்கில் சேர்த்துவிடலாம். மற்ற இரண்டையும் எதில் சேர்ப்பது என்று என் மனைவி இன்னும் முடிவு செய்யவில்லை.

நடந்த இடம் இலங்கை. பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் வழியில் ஒரு தேயிலைத் தோட்டம். மலைக்காற்று வாங்கப் போகவில்லை. மாமியார் அனுப்பினார், போனேன்.

என் மாமியார் ராசம்மா பிறந்தது அந்தத் தோட்டத்தில். எழுபதுகளில் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களோடு, தாயைக் கூட்டிக்கொண்டு கப்பலேறிக் கோத்தகிரிக்கு வந்தவர். அக்கா பாக்கியம் அதற்குள் அங்கேயே கல்யாணம் ஆகி, அங்கேயே தங்கிவிட்டார். பிற்பாடு ஃபோன் வந்ததும் இரண்டு பேரும் வாரம் ஒரு முறை பேசிக்கொண்டார்கள். பதினோரு வருடத்துக்கு முன் கோத்தகிரியில் தாய் இறந்தார். தங்கை அதை அக்காவுக்கு உடனே சொல்லவில்லை. எட்டு நாள் கழித்துத்தான் ஃபோன் செய்தார். அதற்குள் சேதி வேறு வழியாக அக்கா காதுக்குப் போய்விட்டிருந்தது. அன்றிலிருந்து அக்கா பேசுவதில்லை.

இப்போது ராசம்மா அத்தைக்கு இதயத்தில் அடைப்பு. கோவையில் திங்கட்கிழமை அறுவை சிகிச்சை. "என்னைய அறுக்கிறதுக்குள்ள அக்கா குரல ஒரு தடவ கேட்டுப்புடணும்" என்றார். மகள் அம்மாவின் பக்கத்தில் இருந்தாக வேண்டும். வீட்டில் இல்லாவிட்டாலும் வித்தியாசம் தெரியாத ஆள் யார் என்று பார்த்தார்கள். என்னைத் தேர்ந்தெடுக்க நேரம் ஆகவில்லை.

வியாழன் சாயங்காலம் பதுளை ரயில் நிலையத்தில் இறங்கினேன். தண்டவாளம் அங்கே முடிகிறது. ஊருக்கு அந்தப் பக்கம் ரயில் கிடையாது என்பதால் யாரும் அவசரப்படுவதில்லை. நானும் அவசரப்படாமல் ஒரு கடையில் உட்கார்ந்து கொத்து ரொட்டி கேட்டேன். நம் ஊர்க் கொத்து பரோட்டாவின் பங்காளிதான். ஆனால் இரண்டு தகடுகளால் அவர்கள் கொத்தும் தாளம் தெருமுனை வரை கேட்கிறது. ஒரு தட்டு இரண்டு பேருக்கானது என்பதைச் சாப்பிட்டு முடித்தபிறகு சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை பஸ். நடத்துனர் வாசலில் தொங்கிக்கொண்டு சிங்களத்தில் ஏதோ கத்தினார். பக்கத்தில் இருந்தவர் தமிழில் சொன்னார்: "முன்னுக்குப் போங்க, பின்னுக்கு ஆள் இருக்குதுன்னு சொல்றாரு." முன்னுக்குப் போனேன். அங்கேயும் ஆள் இருந்தார்கள். வளைவுக்கு வளைவு எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து, ஒரே பக்கம் நிமிர்ந்தோம். வால்பாறைச் சாலையில் பல தடவை போனவன் என்ற என் பெருமை ஐந்தாவது வளைவில் வாய்வரை வந்து திரும்பிப் போனது.

பாக்கியம் பெரியம்மா இருப்பது லயத்தில். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்து வீடு. முன்னால் 'மண்சரிவு அபாயம்' என்று மூன்று மொழியில் பலகை. அதன் மேல் யாருடைய பாவாடையோ காய்ந்துகொண்டிருந்தது. பெரியம்மாவுக்கு எழுபதுக்கு மேல் வயது. தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். மகன் கொழும்பில். முகம் அப்படியே அத்தை முகம். கூடுதலாக ஐம்பது வருட வெயில்.

"வாங்க மாப்பிள்ள. என்னா இப்புடி எளைச்சுப் போயிருக்கீங்க" என்றார். எண்பத்தாறு கிலோவில் இருக்கும் என்னை அப்படிக் கேட்ட முதல் மனுஷி. தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் வைத்தார். மிளகாயும் வெங்காயமும் இடித்த அந்தச் சம்பல் நாக்கில் பட்டதும் எனக்குக் கண்ணீர் வந்தது. உறவுப் பாசம் என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கலாம். நான் மறுக்கவில்லை.

நாலாவது ரொட்டியில் விஷயத்தை எடுத்தேன். அத்தையின் ஆபரேஷனைச் சொன்னேன். எனக்கு வைக்க எடுத்த ரொட்டியைத் தட்டிலேயே திரும்ப வைத்தார் பெரியம்மா.

"நல்ல டாக்டருங்களா?"

"நல்ல டாக்டர்தான் பெரியம்மா. ஒரு வார்த்தை பேசினீங்கன்னா..."

"சாமிகிட்ட சொல்றேன். அதுகிட்ட வேணாம்."

"பதினோரு வருஷம் ஆச்சு."

"ஆவட்டும். ஒங்களுக்கு ரொட்டி இன்னொன்னு வைக்கவா?"

அவ்வளவுதான். ஃபோனை எடுத்துக் காட்டினேன். எழுந்து போய் ஆட்டுக்குத் தண்ணீர் வைத்தார்.

மறுபடியும் பதுளை. வயிற்றில் கொத்தும் தேங்காய் ரொட்டியும் தோல்வியும் கலந்து கிடந்தன. கடைத்தெருவில் ஒரு துணிக்கடை நானாவிடம் மருந்துக்கடை எங்கே என்று கேட்டேன். வயதான முஸ்லிம் வியாபாரி. பக்கத்துக் கடையைக் காட்டினார். ஆயுர்வேதக் கடை. கடைக்காரருக்குச் சிங்களம் மட்டும்தான். நான் வயிற்றைத் தடவிக் காட்டி, முகத்தைச் சுளித்து, சோர்ந்து போனவன்போல் தோளைத் தொங்கவிட்டேன். அந்த அபிநயத்தில் அவர் எந்த நோயைக் கண்டாரோ. என் நரையை ஒரு முறை பார்த்தார், பரிவோடு தலையசைத்தார், ஒரு டப்பாவை எடுத்துவந்தார். உள்ளே நெய்யும் தேனும் ஏலக்காயும் மணக்கும் கறுப்பு உருண்டைகள். சுண்டுவிரல் நகத்தைக் காட்டி ஏதோ சொன்னார்.

நானா வாசலில் நின்றே மொழிபெயர்த்தார். "நல்ல சாமான்தான். ராவைக்குக் கொஞ்சமா எடுங்க வாப்பா." சொல்லிவிட்டுத் தாடிக்குள் சிரித்தார்.

தமிழ்நாட்டில் பிறந்தவனுக்கு லேகியம் சாப்பிடச் சொல்லித்தர வேண்டுமா? தீபாவளிக்குத் தீபாவளி விடிகாலையில் எண்ணெய்த் தலையோடு கையை நீட்டி, எலுமிச்சை அளவு உருண்டையை வாங்கி விழுங்கி வளர்ந்த சாதி. 'கொஞ்சமா' என்பது சாப்பாட்டு விஷயத்தில் ஒரு மரியாதைச் சொல், அதற்கு அளவு கிடையாது என்பது என் கட்சி. லேபிள் சிங்களத்தில் இருந்தது. அதில் மன்மதன் படம் போட்டிருந்தால்கூட யோசித்திருப்பேன். தாமரைதான் போட்டிருந்தார்கள்.

சனிக்கிழமை காலை வெறும் வயிற்றில் ஒரு உருண்டை. ருசியாக இருந்தது, வேறொன்றும் நடக்கவில்லை. பாதி வழியில் மண் சரிந்து சாலையை மறித்திருந்தது. இயந்திரம் வந்து வாரும்வரை பஸ் நின்றது. சும்மா உட்கார்ந்திருக்கும் தமிழன் கையில் டப்பா இருந்தால் என்ன ஆகும்? இரண்டாவது. வயிறு இன்னும் கல்லாக இருந்ததால் மூன்றாவது.

லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பெரியம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். "இன்னைக்கும் அதே பேச்சுன்னா தேத்தண்ணி குடிச்சிட்டுப் போயிருங்க மாப்பிள்ள" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பாய்ந்து பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த வாய் திறந்து முடிக்க வெகுநேரம் ஆனது.

தகரக் கூரையின் விளிம்பில் ஒரு மழைத்துளி தொங்கியது. விழும் என்று காத்திருந்தேன். அது பருத்தது, நீண்டது, யோசித்தது. அதற்குள் பாக்கியம் பெரியம்மாவின் கல்யாணம், அத்தை ஏறிய கப்பல், என் சொந்தப் பள்ளிக்கூடப் பருவம் எல்லாம் சாவகாசமாக நடந்து முடிந்தன. பிறகு துளி விழுந்தது. என் வாழ்நாளில் ஒரு துளி விழுவதை முழுசாகப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அழகாக இருந்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்த துளி தொங்கத் தொடங்கியதும் எனக்குப் பயம் வந்தது.

இந்த மாதிரி அனுபவங்களைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். மேல்நாடுகளில் மெத்தை போட்டு, மெல்லிய இசை வைத்து, பக்கத்தில் பயிற்சி பெற்ற துணைவரை உட்காரவைத்துக் காளானோ வேறொன்றோ கொடுக்கிறார்களாம். காலம் விரிந்துபோகிறது, சுருங்கிப்போகிறது, இல்லாமலே போகிறது என்று அவர்கள் சொன்னதை எல்லாம் கிண்டல் செய்து ஒரு கட்டுரைகூட எழுதியிருக்கிறேன். குளத்தில் ஒரு முங்கு போட்டு எழுவதற்குள் கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, குடும்பம் நடத்திய முனிவர் கதையை வைத்திருக்கிற நமக்கு எதற்கு ஆராய்ச்சி என்று அதில் கேட்டிருந்தேன். இப்போது முங்கியவன் நான். துணைவர், கையில் தேங்காய் மூடியுடன் பெரியம்மா.

"பெரியம்மா, மணி என்ன?"

"அந்தா கடிகாரம்."

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு நாற்பது. என் ஃபோனில் பன்னிரண்டு பத்து. காலம் பின்னால் போகிறது என்று தெரிந்துகொண்டேன். உண்மை வேறு. விடிகாலையில் ஆட்களை வரிசையில் நிற்கவைத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் பிந்திவிடக் கூடாது என்று, பெரியம்மா வேலை செய்த காலம் முழுக்கக் கடிகாரத்தை அரை மணி முன்தள்ளி வைத்திருந்தார். ஓய்வு பெற்றபிறகும் திருப்பி வைக்க மனம் வரவில்லை. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

"பெரியம்மா, மணி என்ன?"

"இப்பத்தானே கேட்டீங்க."

"எப்ப?"

"தேங்கா ரெண்டு தடவ துருவுறதுக்கு முந்தி."

ரொம்ப நேரமாக, மாதக் கணக்கில், அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேயிலைக் கறை ஏறிய விரல்கள். அத்தை கோத்தகிரியில் தேயிலை பறித்த விரல்களிலும் அதே கறை இருந்தது. ஒரே கை கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று தோன்றியது. இதை அவரிடம் சொன்னேன் என்றுதான் நினைத்தேன். "ம்... ம்..." என்று மட்டும் முனகினேனாம்.

அப்போதுதான் தாடையைத் தடவினேன். முள் முள்ளாக இருந்தது. எட்டு நாள் தாடி என்று தீர்மானித்தேன். வியாழனிலிருந்து சவரம் செய்யவில்லை என்பது நினைவுக்கு வரவில்லை. எட்டு நாள் என்றால் திங்கட்கிழமை எப்போதோ போய்விட்டது. அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. யாரும் எனக்குச் சொல்லவில்லை என்றால், சொல்லக்கூடிய சேதியாக அது இல்லை. அத்தை இல்லை. நான் இங்கே உட்கார்ந்து மழை பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

அழுதேன். அழுகையினூடே, என் வாழ்வில் மிகத் தெளிவாகச் சொன்ன வாக்கியத்தைச் சொன்னேன்:

"அத்தை போயிட்டாங்க பெரியம்மா. எட்டு நாள் ஆச்சு. நானும் உங்களுக்கு லேட்டாத்தான் சொல்றேன். மன்னிச்சிடுங்க."

துருவுவது நின்றது.

பெரியம்மா எழுந்த வேகத்தில் தேங்காய் மூடி உருண்டு வாசலுக்குப் போனது. "என்னா சொல்றீங்க? நேத்துத்தான் திங்கக்கெழம ஆபரேசன்னு சொன்னீங்க." என் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் "மன்னிச்சிடுங்க" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் வெளியே ஓடினார். மழையில் அவர் குரல் கேட்டது: "ஸ்டெல்லா. இங்கிட்டு ஓடியா."

ஸ்டெல்லா பக்கத்து வீடு. மத்தியான நிறுவையில் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். நாற்பது வயது, கழுத்தில் சிலுவை, இடுப்பில் இன்னும் சாக்கு. என் கண்ணைப் பார்த்தார். பையைத் திறந்தார். டப்பாவை எடுத்தார்.

"ஐயோ, மதன மோதகம்" என்றார். "இது எத்தனை தின்னீங்க?"

மூன்று விரலைக் காட்டினேன்.

"அம்மாடி. இது கஞ்சா போட்ட மருந்து. கல்யாணம் கட்டின ஆம்பளைங்க ராவைக்குத் துளி எடுக்கிறது. ஒங்க பொஞ்சாதி இந்தியாவுலல்ல இருக்காங்க, யாருக்காகங்க தின்னீங்க?"

"செரிமானத்துக்கு" என்றேன்.

ஸ்டெல்லா சிரித்த சிரிப்பில் பத்து வீட்டுக் கதவும் திறந்தன. பெரியம்மா சிரிக்கவில்லை. "அது கெடக்கட்டும்டி. எந் தங்கச்சி ராசு செத்துட்டாங்கிறாரு. நெசமா, மருந்து பேசுதா?"

"யாருக்குத் தெரியும்? கேட்டுப் பாத்தாத்தான்."

பெரியம்மா என்னைப் பார்த்தார். ஃபோனைப் பார்த்தார். அந்தப் பார்வையின் நீளத்தைப் பற்றி நான் சொல்வதை நீங்கள் நம்பத் தேவையில்லை.

"போடு" என்றார்.

லயத்துக்குள் சிக்னல் கிடையாது. வேலைக்குப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவின் படிக்கட்டில்தான் கிடைக்கும். என் ஃபோன் என் கட்டைவிரலுக்குத்தான் திறக்கும். ஆகவே என்னையும் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. ஒரு பக்கம் ஸ்டெல்லா, ஒரு பக்கம் பெரியம்மா, மூவருக்கும் ஒரு கொழுந்துச் சாக்கு தலைக்கு. அந்த அறுபது எழுபது அடியை நான் நடந்து முடிக்க ஒரு தலைமுறை ஆயிற்று. பத்திர ஆபீசில் செய்வதுபோல் ஸ்டெல்லா என் விரலைப் பிடித்து அழுத்தினார். 'அத்தை' என்ற பெயரைத் தொட்டார். ஒலிபெருக்கியில் போட்டார்.

மணி அடித்தது. அடித்தது. பெரியம்மா முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டார்.

"யாரு, மாப்பிள்ளையா?" என்றது அத்தையின் குரல்.

பெரியம்மா படியில் மெல்ல உட்கார்ந்தார்.

"அலோ? மாப்பிள்ள? சாப்பிட்டீங்களா?"

"நாந்தான்" என்றார் பெரியம்மா.

இந்த இடத்தில் வந்த மௌனத்தை அளக்க என்னை நம்ப முடியாது. ஸ்டெல்லாவைப் பிறகு கேட்டேன். "நெறைய நேரந்தாங்க" என்றார் அவரும்.

"அக்கா?"

"உசுரோட இருக்கியா?"

"இருக்கேன். ஏங்க்கா?"

"ஒன் மருமகன் நீ செத்துட்டேன்னு அழுவுறாரு."

"அவரு எதையும் ஒழுங்கா சொன்னதில்ல" என்றார் அத்தை. பிறகு அவர் குரல் உடைந்தது. "அக்கா, நான் சொல்லாதது தப்புத்தான். பாஸ்போர்ட்டு இல்ல, காசில்ல, வரவும் முடியாம அங்க கெடந்து உருளுவியேன்னு பயந்தேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னே போயிருச்சு."

"அது எனக்குத் தெரியாதா? பசறைச் சந்தையில கத்திரிக்கா பொறுக்கிக்கிட்டு நிக்கையில ஒருத்தி வந்து, அம்மா தவறிருச்சாமேங்கிறா. கத்திரிக்காய கையில வச்சிக்கிட்டு நின்னேன்டி."

"மன்னிச்சிரு அக்கா."

"அதுகூட ஆறிப்போச்சு. அந்த எட்டு நாளும் எனக்கு அம்மா உசுரோட இருந்துச்சு, வெளங்குதா? மூணா நாளு கோயில் திருவிழா. புதுச் சேல, பச்சச் சேல, கட்டிக்கிட்டு, பூ வச்சிக்கிட்டு, கும்மியடிச்சேன்டி. அம்மா அங்க மண்ணுக்குள்ள, நான் இங்க கும்மியடிக்கிறேன். அதத்தான் என்னால..."

மழை. குழந்தைகள் உள்ளே எதையோ தட்டிக்கொண்டிருந்தன.

"பச்சையா?" என்றார் அத்தை.

"பச்ச. மாம்பழ பார்டரு."

"அம்மாவுக்குப் புடிச்ச கலரு. பாத்திருந்தா நல்லாருக்குடின்னுதான் சொல்லியிருக்கும்."

பெரியம்மா அப்போதுதான் அழுதார். இந்தப் பக்கம் அவரும் அந்தப் பக்கம் அவர் தங்கையும் அழுவதைக் கேட்டுக்கொண்டு நடுவில் நான். ஃபோனின் திரை இருட்டும்போதெல்லாம் ஸ்டெல்லா என் விரலை எடுத்து வைத்தார். அந்த வேலையை மட்டும் அன்று நான் பிசகாமல் செய்தேன். ஐம்பது வருடம் போல இருந்தது. முடிந்துவிடக் கூடாது என்றும் இருந்தது. ஃபோன் கணக்குப்படி ஏழு நிமிடம்.

பிறகு எலுமிச்சைச் சாறு, வெறும் தேத்தண்ணி, மறுபடி எலுமிச்சைச் சாறு. பெரியம்மா என் தலைமாட்டில் உட்கார்ந்து, நான் மணி கேட்கும்போதெல்லாம் சொன்னார். முதலில் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார். பிறகு பார்க்காமலே சொன்னார். ஒரு கட்டத்தில் எழுந்து போய், முக்காலி மேல் ஏறி, இத்தனை வருடமாகத் தொடாத அந்தக் கடிகாரத்தை அரை மணி பின்னால் திருப்பி வைத்தார். "இந்தா, இப்ப ஒங்க ஃபோனும் இதுவும் ஒரே மணி. தூங்குங்க மாப்பிள்ள."

ஞாயிறு காலை எழுந்தபோது உலகம் பழைய வேகத்தில் ஓடியது. வெளியே வந்தேன். பத்து வீட்டுப் பெண்களும் அவரவர் வேலையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள். "செரிச்சிருச்சாங்க?" என்று ஒரு குரல் கேட்டது. யார் என்று திரும்பிப் பார்க்கும் துணிவு எனக்கில்லை.

பெரியம்மா பெட்டியிலிருந்து அந்தப் பச்சைச் சேலையை எடுத்து, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். அந்தத் திருவிழாவுக்குப் பிறகு கட்டவில்லையாம். "ஆஸ்பத்திரியவிட்டு வந்தபெறகு கட்டச் சொல்லுங்க" என்றார். டப்பாவில் மீதி இருந்ததை ஸ்டெல்லா எடுத்துக்கொண்டார். எதற்கென்று நான் கேட்கவில்லை. அவர் கணவர் மட்டும் என்னிடம் வந்து மிகுந்த மரியாதையோடு கை குலுக்கினார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் வாரம் அத்தை பச்சைச் சேலை கட்டிக்கொண்டு, கட்டிலில் சாய்ந்து, அக்காவோடு பேசிக்கொண்டிருந்தார். இப்போது தினமும் பேசுகிறார்கள். பேசி முடித்ததும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு பிரிவைத் தீர்த்துவைத்தவனுக்கு உரிய அடக்கத்துடன், பெரியம்மா என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன்.

"சொல்லிச்சே" என்றார் அத்தை. "பதினோரு வருசம் ஒங்கூடப் பேசாம எப்புடிப் போச்சுன்னே தெரியலடி, ஒன் மருமகன வச்சிக்கிட்டு அந்த ஒரு மத்தியானம்தான் போவேனான்னு நின்னுச்சுன்னு."